ரெண்டு இட்லி வடை: ஓர் இலக்கண விசாரணை

மயிலாப்பூர் மெஸ்ஸில் காலை வேளையில் "ரெண்டு இட்லி வடை" என்பவர், இரண்டு வகையாகப் பொருள்படும் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கைகழுவப் போகிறார். 'ரெண்டு' இட்லியோடு நின்றுவிடுமா, வடையையும் தழுவுமா? 'ரெண்டு இட்லி' வரை கேட்டதும் சப்ளையர் கணக்கை முடிக்கலாம், இது ரிட்யூஸ். முடிக்காமல் வடையையும் உள்ளே வாங்கலாம், இது ஷிஃப்ட். எது சரி என்று தெரியாத நிலைக்குக் கணினித் துறையில் ஷிஃப்ட்-ரிட்யூஸ் மோதல் என்று பெயர்.

பெல் ஆய்வுக்கூடத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1975இல் விவரித்த 'யாக்', இலக்கணத்தைக் கொடுத்தால், வாக்கியத்தைப் பிரித்துப் படிக்கும் நிரலான பகுப்பானை எழுதித்தரும் கருவி. அதைச் சப்ளையராக வைத்தால், வேறு உத்தரவு இல்லாதவரை ஷிஃப்ட்தான் செய்யும். வடை இரண்டாக வரும். மோதலின் எண்ணிக்கையை மட்டும் முணுமுணுத்துவிட்டு வேலையைத் தொடரும்.

உத்தரவு போடும் முறை எளிது. குறிகளை வரிவரியாக எழுத வேண்டும். கீழ்வரிக்கு வலிமை அதிகம். கூட்டல் மேலே, பெருக்கல் கீழே. ஒரே வரியில் இருப்பவை சமபலம்; அங்கே இடச்சார்பு, வலச்சார்பு பார்க்கப்படும். 8-3-2 என்பது இடச்சார்பில் 3, வலச்சார்பில் 7. இரண்டும் வேண்டாம் என்று அறிவித்தால் வாக்கியமே பிழை. இவ்வாறு தீர்த்த மோதல் எண்ணிக்கையிலும் சேராது. தவறாகத் தீர்த்திருந்தாலும் அப்படித்தான்.

பின்னது வெல்லும் என்பது புதிதல்ல. வி. கிருஷ்ணசாமி ஐயர் 1906இல் தொடங்கிய மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரி இருக்கும் பேட்டையில் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சமபலமுள்ள இரு விதிகள் மோதினால் நூலில் பின்னால் வருவதே செல்லும் என்றுதான் சமஸ்கிருத இலக்கணம் வகுத்த பாணினிக்கு மரபு உரை சொல்லிவந்தது. சொல்லின் வலப்பக்கத்தில் செயல்படும் விதியே வெல்லும் என்பதுதான் பாணினியின் கருத்து என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ரிஷி ராஜ்போபட் வாதிட்டது 2022இல் செய்தியானது; அறிஞர் எல்லோரும் ஒப்பவில்லை. பாணினியே மோதலுக்குக் காரணமாகிவிட்டார்.

யாக்கிலும் ஒரு கோணல் உண்டு. முடிப்பதா, வாங்குவதா என்பதல்லாமல், எந்த விதிப்படி முடிப்பது என்று இரு விதிகள் மோதினால், அங்கே முன்னால் எழுதியதுதான் வெல்லும். குறிகளுக்கு ஒரு நீதி, விதிகளுக்கு ஒரு நீதி. நம் ஊர்க்காரர் எவரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்.

யாக்கின் வாரிசான 'பைசன்' இன்னும் பக்குவமானது. இத்தனை மோதல்களை எதிர்பார்க்கிறேன் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிடலாம். எண்ணிக்கை சரியாக இருந்தால் வாய் திறக்காது. ஒன்று கூடினால் பிழை என்று நிறுத்திவிடும். ஒன்று குறைந்தாலும் நிறுத்திவிடும்.