கை ஆடினால்தான் கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வந்த என் அம்மா, மொத்தம் 412 அடிதான் நடந்திருந்தார். நான் சொல்லவில்லை, என் கைக்கடிகாரம் சொல்கிறது.

சண்டை முதல் நாள் இரவே தொடங்கிவிட்டது. ஜிம்மிலிருந்து வந்து சோபாவில் விழுந்தவனைப் பார்த்து, "காசு குடுத்து முதுகைப் பிடிச்சுக்கிட்டு வர்றதுக்கு, என்கூட மார்க்கெட்டுக்கு வாடா" என்றார். மார்க்கெட் போவதெல்லாம் எக்சர்சைஸ் ஆகாதும்மா, இதயத் துடிப்பு ஏறணும் என்றேன். "ஆட்டுக்கறி விலையைக் கேளு, ஏறும்."

நிரூபித்தே தீருவது என்று கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கட்டினேன். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015-ல் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்சைத் தொடங்கியதிலிருந்து, அடிகளை எண்ணிப் பற்றுச்சீட்டு சேர்ப்பது சிங்கப்பூரில் குடிசைத்தொழில். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கை டாக்டர்கள் யாரும் ஆராய்ந்து சொன்னதாக நினைக்க வேண்டாம். 1965-ல் ஒரு ஜப்பானியக் கம்பெனி தன் நடைமானிக்கு 'மன்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி என்று பெயர் வைத்து விற்றது. அந்தப் பெயர்தான் நம் காலைப் பிடித்துக்கொண்டது.

அம்மா நடக்கும் பாதையோ அவருக்குப் பல வருடப் பழக்கம். மார்க்கெட் இருக்கும் கட்டடம் 1982-ல் திறந்தபோது அது சூஜியாவ் சென்டர். 2000-ல்தான் தேக்கா சென்டர் ஆனது. அம்மாவுக்கு அன்றும் தேக்காதான். கறிக்கடை, மீன்கடை, முருங்கைக்காய்க்குப் பஃபலோ ரோடு, திரும்பவும் மீன்கடை, ஏனென்றால் மீன்காரர் தலையை வைக்க மறந்துவிட்டார். ஈரத் தரையில் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு அவர் போக, பின்னால் பத்துக் கிலோ அரிசியோடு நான். ஜிம்மில் பத்துக் கிலோவுக்குப் பிடி இருக்கும், எதிரே கண்ணாடியும் இருக்கும். அரிசி மூட்டைக்கு இரண்டும் கிடையாது. தூக்கியதும் உள்ளே இருப்பதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நம்மையும் கூடவே சாய்க்கிறது. இரண்டு இடத்தில் இறக்கி வைத்தேன். மூன்றாவது இடத்தில் அம்மா அதை வாங்கி ட்ராலியில் போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் 412. கடிகாரம் எண்ணுவது காலை அல்ல, கையாட்டத்தை. ட்ராலியைப் பிடித்த கை ஆடாது; ஆடாத கைக்கு அடியில்லை. மேலும் கீழுமாகத் தே தாரிக் இழுத்து ஆற்றும் அண்ணன் கையில் இதைக் கட்டினால், நின்ற இடத்திலேயே மலேசியா போய்விடுவார்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா கடிகாரத்தைக் கழற்றிக் கணுக்காலில் கட்டிக்கொண்டார். அடுத்த ஞாயிறு தேக்காவில் காலில் கடிகாரத்தோடு ஒரு அம்மா வந்தால், தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளுங்கள். ட்ராலி நிற்காது.