வேற்றுக்கிரக மீட்பில் ஈரிழைத் துண்டின் பங்கு: அந்தியூரை முன்வைத்து ஓர் ஆய்வு

பேராபத்தில் சிக்கிய வேற்றுக்கிரகத்தைக் காப்பாற்றப் புறப்படும் மாவீரன், எதை மறந்தாலும் கழுத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ள மட்டும் மறப்பதில்லையே, ஏன்? முனைவர் பட்டத்துக்கு உரிய கேள்வி இது. வழிகாட்டப் பேராசிரியர் எவரும் இசையாததால் கட்டுரையாகக் கொடுக்கிறேன். ஆய்வின் எல்லை: வடக்கே பர்கூர் மலை, தெற்கே பவானி, மேலே பால்வீதி.

முதலில் வரையறை. படக்கதைகளில் அந்தத் துணி முதுகிலிருந்து கெண்டைக்கால் வரை தொங்கும். நிறம் பெரும்பாலும் சிவப்பு. அந்தியூரில் அது தோளில் கிடக்கும் ஈரிழைத் துண்டு. நீளத்தில் படக்கதைத் துணி ஜெயிக்கிறது. வேலையில் நம்முடையதன் பக்கத்தில்கூட அது வர முடியாது. வெயிலுக்குத் தலையில் சுற்றினால் உருமால். கோயில் வாசலில் இடுப்புக்கு இறங்கும். மத்தியானம் வேப்பமரத்தடியில் தலையணை. வழியில் கத்தரிக்காய் மலிவாகக் கிடைத்தால் மூட்டை. அது தோளில் கிடப்பதா, கக்கத்தில் ஒடுங்குவதா என்பதை ஊர் ஒரு காலத்தில் சாதி பார்த்துத் தீர்மானித்தது. அந்த அத்தியாயத்தில் சிரிக்க ஒன்றுமில்லை, அதை எழுத வேண்டிய இடமும் வேறு.

துண்டின் தலையாய பணி பஸ் ஜன்னல் வழியே போய் இடம் பிடிப்பது. திருவிழாக் கூட்ட நேரத்தில் ஈரோடு பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே துண்டு பறந்து உள்ளே போய்விடும். ஆள் சாவகாசமாகப் பின்னால் வருவார். இது சர்வதேசச் சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம். 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தப்படி நிலவையோ மற்ற கோள்களையோ எந்த நாடும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. அமெரிக்கர்கள் 1969-இல் நிலவில் கொடி நட்டபோதுகூட இடம் எங்களுடையது என்று சொல்லவில்லை. கவனிக்க வேண்டியது, அந்த ஒப்பந்தம் தடுப்பது நாடுகளின் உரிமை கோரலை. துண்டு போடுவது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. செவ்வாய்க்கு முதல் பஸ் விடும்போது இந்த ஓட்டை யாருக்குப் பயன்படும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலைநாட்டுச் சான்றுக்கு வருவோம். 1938-இல் அமெரிக்காவில் அச்சேறிய சூப்பர்மேன், உதவி செய்யப் போனவர் ஆவதற்கு முன் உதவி கேட்டு வந்தவர். கிரிப்டான் என்ற கிரகம் வெடிக்கப்போகும் நேரத்தில், பெற்றோர் கைக்குழந்தையை ராக்கெட்டில் வைத்துப் பூமிக்கு அனுப்புகிறார்கள். பழைய கதைகளின்படி, குழந்தையைச் சுற்றியிருந்த போர்வைகளைத்தான் வளர்ப்புத் தாய் பிரித்து அவனுக்கு உடையாக்கித் தருகிறாள். சிவப்புப் போர்வை முதுகுக்குப் போயிற்று. கிரகம் முழுவதும் பொடிப்பொடியானது. போர்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. சென்னிமலைப் போர்வை வியாபாரி இதைக் கேட்டு வியக்கமாட்டார். கிழியாது, சாயம் போகாது, தீப்பிடிக்காது என்று கிரிப்டான் போர்வைக்குச் சொல்லப்படும் மூன்று குணங்களில் முதல் இரண்டைத் தம் சரக்குக்கு அவரும் பல காலமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

துண்டு பறக்கவைக்கும் என்ற கருதுகோளை நான் நேரடியாகவே சோதித்திருக்கிறேன். மாதிரி: ஒன்பது வயதுப் பையன் ஒருவன். இடம்: அந்தியூருக்குப் பக்கத்தில் அம்மாவைப் பெற்ற அம்மிச்சியின் வீட்டுக் களம். கருவி: தாத்தாவான அப்பிச்சியின் துண்டு, பச்சைக்கரை போட்டது. ஆபத்திலிருந்த கிரகம்: களத்து மூலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி. நெருக்கடி: அதில் விழுந்து தத்தளித்த நாலைந்து கட்டெறும்புகள். சோளத்தட்டுப் போரின் உச்சியிலிருந்து முதல் தாவல் வெற்றி; அதாவது, கீழே வந்து சேர்ந்தேன். இரண்டாவது தாவலில் துண்டின் கரை மாட்டுவண்டியின் முளைக்குச்சியில் மாட்டியது. ஒரு கணம் நான் உண்மையிலேயே ஆகாயத்தில் நின்றேன். பிறகு துணி கிழியும் சத்தம். தறியில் பாவு அறுவதுபோலச் சின்னச் சத்தம்தான். ஆனால் அது சமையற்கட்டுவரை கேட்டுவிட்டது.

அம்மிச்சி வந்தார். நான் எங்கே புறப்பட்டிருக்கிறேன், என்ன காரியமாக என்பதை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏங் கண்ணு, வேத்துக் கெரகத்துக்குப் போறதுன்னா மவராசனாப் போய்ட்டு வா. அப்பிச்சி துண்டெ வெச்சுப்போட்டுப் போ," என்றார். சுருக்குப்பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துத் தொட்டியில் மிதக்கவிட்டார். எறும்புகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டன. வெற்றிலையைக் காம்பைப் பிடித்துத் தூக்கிக் களத்தில் வைத்தார். எறும்புகளை உதறிவிட்டு, அதையே வேட்டியில் துடைத்துச் சுண்ணாம்பு தடவிக்கொண்டார், பின்னாலேயே வந்த அப்பிச்சி. அந்தியூர் வெற்றிலைக்குப் பேர்போன ஊர் என்பது தெரிந்ததுதான். மீட்புக் கலமாகவும் அது ஓடும் என்பது இக்கட்டுரையின் துணைக் கண்டுபிடிப்பு.

இனித் தமிழ்த் திரைச் சான்று. 1963-இல் வந்த 'கலை அரசி' படத்தை ஏ. காசிலிங்கம் இயக்கினார். அதில் வரும் வேற்றுக்கிரகம் விஞ்ஞானத்தில் உச்சியில் இருக்கிறது; பறக்கும் தட்டெல்லாம் சர்வசாதாரணம். பாட்டும் ஆட்டமும் மட்டும் அங்கே வறட்சி. தண்ணீர்ப் பஞ்சம் தெரியும், சோற்றுப் பஞ்சம் தெரியும். கச்சேரிப் பஞ்சத்துக்காக ஒரு கிரகமே தவித்தது உலக அறிவியல் புனைவில் நம்முடைய கொடை. பஞ்ச நிவாரணமாக அந்தக் கிரகத்து ஆளான எம்.என். நம்பியார் பூமிக்கு வந்து பாட்டுக்காரியான பி. பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார். காதலர் எம்.ஜி.ஆர். பின்னாலேயே போய் மீட்டுக்கொண்டு வருகிறார்.

இங்கேதான் ஆய்வாளன் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நெருக்கடியில் இருந்தது யார்? அந்தக் கிரகம். அதற்கிருந்த ஒரே பாட்டு டீச்சர் யார்? பானுமதி. அவரைத் திரும்பக் கூட்டிவந்தபின் அந்தக் கிரகத்தின் கதி? படம் பார்த்த யாரும் இதைக் கேட்கவில்லை, ஏனென்றால் நாம் எல்லாரும் எம்.ஜி.ஆர். கட்சி. கடத்தலை நான் ஆதரிக்கவில்லை. ஆடி மாதம் அந்தியூர்ப் பக்கம் பறக்கும் தட்டை இறக்கியிருந்தால் யாரையும் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமே இருந்திருக்காது என்றுதான் சொல்கிறேன். புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் பண்டிகையில் கூடும் குதிரைச் சந்தையில் மேளத்துக்குக் கால் மாற்றி ஆடும் நாட்டியக் குதிரைகள் விலைக்கே கிடைக்கும். பணம் கொடுத்து, ரசீது வாங்கி, மரியாதையாக ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

அதே படத்தில் இன்னொரு குறை: வேற்றுக்கிரகத்தார் அத்தனை பேரும் நல்ல தமிழ் பேசுகிறார்கள். நிஜத்தில் அப்படி நடக்க வாய்ப்புக் குறைவு. 1977-இல் ஏவப்பட்ட இரண்டு வாயேஜர் கலங்களிலும் ஆளுக்கொரு தங்கமுலாம் பூசிய இசைத்தட்டு இருக்கிறது. எதிரே எவராவது வந்தால் கேட்கட்டும் என்று 55 மொழிகளில் வணக்கம் சொல்லிப் பதிந்திருக்கிறார்கள். தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, பேச ஆளில்லாத சுமேரியமும் உண்டு. தமிழ் இல்லை. ஆகவே ஆபத்திலிருக்கும் கிரகம் ஒன்று அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு நம்மைக் கூப்பிட்டால் தமிழில் கூப்பிடாது. ஆனால் ராஜஸ்தானி இருக்கிறது. அந்தியூர்ச் சந்தைக்கு மார்வாரிக் குதிரைகளும் வருகின்றன. அபயக்குரல் வந்தால் முதலில் காதை விறைப்பது எதுவாக இருக்கும் என்பதை வாசகர் ஊகிக்கலாம். மார்வாரிக் குதிரையின் காதுகள் நுனி வளைந்து ஒன்றையொன்று தொடும். அலைவாங்கிக்கு அதைவிட நல்ல வடிவம் அமையாது.

மொழி இல்லாத இடத்தில் என்ன செய்வது? இந்தக் கட்டத்தில்தான் துண்டு தன் முழு உருவைக் காட்டுகிறது. கொங்குநாட்டு மாட்டுச் சந்தைகளில் விலையை வாயால் பேசாமல் துண்டுக்கடியில் பேசும் வழக்கம் உண்டு. தரகர் தம் துண்டை இருவர் கைமேலும் போட்டு மூடுவார். உள்ளே விரல்கள் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை; அது நூறா ஆயிரமா என்பதை மாட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். சுற்றி இருபது பேர் நிற்பார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது. துணி மட்டும் உள்ளே அணில் புகுந்ததுபோல மேலும் கீழும் அசையும். ஒருவர் கையை உதறி இழுத்துக்கொண்டால் விலை படியவில்லை. தரகர் திரும்பப் பிடித்து இழுத்து மூடுவார்.

1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை இங்கே ஒப்பிட வேண்டும். பிரிட்டனில் 1962-இல் பிறந்தவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மாட்டுத் தரகர் இதற்கு நேர் எதிர். ஆள் முழுசாகத் தெரிவார், கை மட்டும் மறைந்திருக்கும். மாயாவிக்கு ஒவ்வொரு தடவையும் ஷாக் அடிக்க வேண்டும். தரகருக்கு ஒரு துண்டு போதும். ஷாக் எல்லாம் மாட்டை விற்க வந்தவருக்கு. மறைந்து மாயம் செய்யும் கலையில் எது சிக்கனமானது என்பது வெளிப்படை. மின்வெட்டுக் காலத்திலும் ஓடும் வல்லமை ஒன்றுதான் நம் ஊருக்கு ஒத்துவரும்.

முடிவை உறுதிசெய்துகொள்ள ஓர் ஆடியில் புதுப்பாளையம் சந்தைக்குப் போனேன். பர்கூர் மாடுகள் செவலையில் வெள்ளை தெறித்தாற்போல வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் குதிரைகள். வடக்கத்திக்காரர் ஒருவருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் நடுவில் ஒரு தரகர் நின்றார். ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. துண்டு விழுந்தது, அசைந்தது, எடுக்கப்பட்டது. வடக்கத்திக்காரர் குதிரையின் கழுத்தைத் தட்டிவிட்டுக் கயிற்றை மாற்றிக் கொடுத்தார். தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். விடாமல் பின்னால் போனேன்.

"ஏனுங்ணா, பாசை தெரியாத ஆளுன்னாலும் வெலை பேசிருவீங்களா?"

"அதுக்கென்னுங்க, பேசிரலாம்."

"வேத்துக் கெரகத்துக்காரன் வந்து நின்னா?"

டீயை ஆற்றிக்கொண்டே என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "எந்தூருங்க நீங்க?"

சொன்னேன். சொந்தக்காரர் யார் யார் என்று விசாரித்து, ஆள் சரிதான் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கேள்விக்கு வந்தார்.

"வரட்டுங்க. கையின்னு ஒண்ணு இருக்குமல்லோ?"

"இருக்குதுங்க. ஆனா ஒவ்வொண்ணுலயும் பன்னெண்டு வெரலு. அப்படிக் கை நாலு."

அவர் சிரிக்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தார். அகலத்தை ஒரு பார்வை பார்த்தார், நீளத்தை ஒரு பார்வை பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது பத்தாதுங்க. பவானி ஜமக்காளந்தான் போடோணும்."