பின்னணி: சுருக்கமாக எழுதவும்

திருகோணமலை அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கைக்கு வடிகான் இல்லை. அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது, பாதி இருக்கிறது. ஒரு தேர்தலுக்கு முன்னம் மேல் முனையில் கிண்டத் தொடங்கினார்கள். தேர்தல் முடிந்தது, கிண்டலும் முடிந்தது. கார்த்திகை மழைக்கு அந்தப் பாதி வடிகான் தன் கடமையில் குறை வைப்பதில்லை: மேட்டுத் தண்ணீர் முழுவதையும் சேர்த்துக் கூட்டிவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறது.

"தம்பி, நீங்கள் எழுதுற ஆள்தானே. ஒரு மனு எழுதிக் குடுங்கோவன்" என்றார் பக்கத்து வீட்டு மாமி. எழுதுகிறவனுக்கு ஊரில் இருக்கிற ஒரே மரியாதை இதுதான். கந்தோர் ஒன்றுக்குப் போய் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தேன். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் விறுவிறென்று நிரம்பிவிட்டன. ஏழாவது கூட்டில் பேனா நின்றது. "பிரச்சினையின் பின்னணி (சுருக்கமாக). எவ்வளவு காலமாக நிலவுகிறது?"

கேட்டுவிட்டார்கள். சொல்லத்தானே வேண்டும்? தனித்தாளில் தொடங்கினேன்.

ஐயா, எங்கள் பகுதியில் முதன்முதலில் நிலத்தைக் கிண்டியவன் இராவணன். தாய்க்கு ஈமக்கடன் செய்யத் தண்ணீர் வேண்டியிருந்தது. கன்னியாவில் வாளால் ஏழு குத்து, ஏழு வெந்நீர்க் கிணறு. கேள்விப்பத்திரம் கோரவில்லை, அடிக்கல் நடவில்லை, பெயர்ப்பலகை வைக்கவில்லை. அதே ஆள் கோணமலையைத் தூக்கப் போய் வெட்டிய வெட்டு பாதியில் நிற்கிறது என்பது உண்மைதான். இன்றைக்கும் அதை இராவணன் வெட்டு என்று காட்டி உல்லாசப் பயணிகளிடம் பேர் வாங்குகிறோம். பாதியில் விட்ட வேலைக்கு இந்த மாவட்டத்தில் அதுதான் முன்னுதாரணம். எங்கள் வடிகானைக் கிண்டியவர்களும் அதே பரம்பரை என்று எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாருக்கும் கண் துறைமுகத்தில். 1620இல் டென்மார்க்காரன் வந்தான். அந்த வரவே ஒரு காணிப் புரோக்கர் கதை. மார்சலிஸ் போஸ்கவ்வர் என்று ஒரு ஒல்லாந்தர், கண்டி அரசன் செனரத்திடம் பட்டமும் வாங்கிக்கொண்டு உதவி தேடி ஐரோப்பாவுக்குப் போனார். சொந்த ஊரில் ஒருவரும் காது கொடுக்கவில்லை. நேரே கோப்பன்ஹேகனுக்குப் போய், கண்டி அரசனுக்காகப் பேசுகிறேன் என்று டென்மார்க் அரசனோடு ஒப்பந்தம் எழுதிவிட்டார். இருபத்துமூன்று வயசுப் பையன் ஓவ கெட தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. வழியில் புரோக்கர் செத்துப்போனார். ஒன்றரை வருடம் கடலில் கிடந்து, ஆட்களைப் பறிகொடுத்து வந்துசேர்ந்தால், "அப்படியொரு அதிகாரம் நான் ஒருத்தருக்கும் குடுக்கவில்லையே" என்று செனரத் கையை விரித்துவிட்டான். அற்றோணித் தத்துவம் சரியில்லாத காணி வாங்கி அழுதவர்கள் எங்கள் ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அந்தப் பையனின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

பாவம் அவன், அதே வருடம் எதிர்க் கரைக்குப் போய்த் தஞ்சை நாயக்கரிடம் தரங்கம்பாடியை வாங்கிக்கொண்டான். பிற்காலத்தில் சீகன்பால்கு பாதிரியார் அங்கே வந்து இறங்கி, தமிழில் அச்சடித்து, பாடப்புத்தகத்தில் ஏறினார். செனரத் மட்டும் "சரி, இருந்துவிட்டுப் போ" என்று சொல்லியிருந்தால் அந்த அச்சுக்கூடம் எங்கள் டைக் வீதியில் வந்திருக்கும் என்று நினைத்து நான் பெருமூச்சு விடுவதுண்டு. இந்தப் படிவத்திலாவது எழுத்துப்பிழை குறைந்திருக்கும்.

போர்த்துக்கேயன் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. கொன்ஸ்தாந்தீனோ டி சா என்ற தளபதி கோணமலையில் இருந்த கோணேசர் கோயிலை இடித்தான். 1624 என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. சித்திரை வருடப் பிறப்பன்று ஐயர் வேசத்தில் உள்ளே நுழைந்தார்கள் என்பது ஊர்க்கதை. இடித்த கல்லிலேயே கோட்டை கட்டினான். கல் கொள்வனவு இல்லை, மணல் அனுமதி இல்லை, போக்குவரத்துச் செலவில்லை. எங்கள் ஊரில் மிகக் குறைந்த செலவில் முடிந்த கட்டுமானம் அது. கோட்டை வாசலில் கல்வெட்டொன்று இன்றும் இருக்கிறது; பறங்கி கோயிலை இடிப்பான் என்று முன்கூட்டியே சொன்ன தீர்க்கதரிசனம் என்பார்கள். அந்தக் கல்லையும் எடுத்து அவனே வாசலில் வைத்துக் கட்டியிருக்கிறான். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒப்பந்தக்காரர் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

1639இல் ஒல்லாந்தன் கண்டி அரசனோடு சேர்ந்து வந்து கோட்டையைப் பிடித்தான். அவனைப் பற்றி எழுத அதிகம் இல்லை, கணக்குப்பிள்ளை இனம். ஆனால் பிரான்சினா வான் ரீட என்ற ஒல்லாந்தப் பெண்ணின் விசயத்தை விட மனமில்லை. காதலன் கப்பலேறிப் போய்விட்டான் என்று 1687இல் கோணமலையிலிருந்து கடலில் குதித்தாள், அப்பன் தூண் நட்டு வைத்தான் என்று சொல்லிச் சொல்லியே ஊர் கண்ணீர் விட்டது. தூண் இருக்கிறது. ஆனால் ஒல்லாந்தர் ஏடுகளைக் கிளறியவர்கள், அவள் பிறகு வேறொருவனைக் கலியாணம் முடித்துக் குடும்பம் நடத்தினாள் என்கிறார்கள். பெட்டை கெட்டிக்காரி. காதல் தோல்வியின் பேரில் நினைவுத்தூணும் வாங்கி, கலியாணமும் முடித்தவள் உலகத்தில் இவள் ஒருத்திதான்.

1782ஐ ஐயா ஊன்றிக் கவனிக்க வேண்டும். சனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் ஒல்லாந்தனிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தான். ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் அதை ஆங்கிலேயனிடமிருந்து பறித்தான். இதெல்லாம் தெரியாமல் சென்னைப் பக்கத்திலிருந்து ஹியூஸ் கப்பல்களோடு காப்பாற்ற வந்தான். வந்து பார்த்தால் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. செப்டெம்பர் 3ஆம் தேதி கடலில் இரண்டு பகுதியும் பின்னேரம் முழுக்கச் சுட்டுக்கொண்டன. ஹியூஸ் திரும்பிப் போனான். ஊர் பிரெஞ்சுக்காரனிடமே கிடந்தது. சமாதானம் வந்ததும் பழையபடி ஒல்லாந்தன் கையில். எட்டு மாதத்தில் மூன்று கொடி! எங்கள் வட்டாரத்தில் கட்சி மாறுகிறவர்களைச் சும்மா திட்டுகிறோம். அவர்கள் ஊர் வழக்கத்தைக் காப்பாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

இதில் சிரிப்பு என்னவென்றால், ஊரை மீட்க முடியாமல் போன அந்தச் சண்டையின் பெயரால் ஆங்கிலேயன் ஒரு போர்க்கப்பலே கட்டினான். பம்பாயில், மலபார்த் தேக்கில், 1817இல் நீரில் இறக்கிய 'திருகோணமலை'. அது இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் மிதக்கிறது, துடைத்து வார்னிஷ் பூசி, ரிக்கெற் வைத்து. திருகோணமலை என்ற பெயரில் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிற பொருள் உலகத்தில் அது ஒன்றுதான். தண்ணீரும் அதற்கு வெளியேதான் நிற்கிறது.

1795இல் ஆங்கிலேயன் திரும்ப வந்து நிலையாகக் குந்தினான். 1803இல் கோட்டைக்குத் தன் இளவரசன் பிரெட்ரிக்கின் பெயரை வைத்தான். கல் எங்களது, கட்டியது போர்த்துக்கேயன், திருத்தியது ஒல்லாந்தன், பெயர் மட்டும் இவனது. திறப்பு விழா அரசியல் எங்கே தொடங்கியது என்று இனிமேல் ஒருவரும் கேட்க வேண்டாம்.

ஆர்தர் வெலஸ்லி என்ற இளம் கேணல் 1800ஆம் ஆண்டுக் கடைசியில் படையெடுப்புக்கு ஆள் சேர்க்கக் கோட்டைக்குள் வந்து தங்கினார். அந்த வீடு இப்போதும் நிற்கிறது. தலைமைப் பதவியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற மனக்குறையோடு பம்பாய்க்குப் போனவருக்குக் காய்ச்சல் வந்தது. அது போக, உடம்பெல்லாம் சொறி. படுக்கையில் கிடந்து சொறிந்துகொண்டிருக்கையில் அவர் ஏறவேண்டிய கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்ச் செங்கடலில் எல்லாரோடும் தாண்டது. அவர் பிழைத்து, 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைக் கவிழ்த்தார். அந்தச் சொறி எங்கள் ஊரில் தொற்றியது என்று நிரூபிக்க முடிந்தால் ஐரோப்பா எங்களுக்குக் கடன்பட்டது. நான் ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜேன் ஒஸ்டினின் கடைசித் தம்பி சார்ள்ஸ், கடற்படைத் தளபதி, 1852இல் பர்மாவில் வாந்திபேதியில் செத்து எங்கள் ஊர்ச் சவக்காலையில் கிடக்கிறார். அக்காவின் நாவல்கள் எல்லாம் கலியாணத்தில் முடியும். தம்பியின் கதை திருகோணமலையில் முடிந்தது. சுகமாகத் தூங்கட்டும். அவரும் துறைமுகத்துக்காக வந்தவர்தான்.

இத்தனை பேர் வந்தார்களே, ஒருத்தனாவது துறைமுகத்தை விட்டுத் திரும்பி ஊருக்குள் பார்த்தானா? அதுதான் ஐயா இந்த மனுவின் சாரம். பிரதேச செயலகத்தின் பெயர்ப்பலகையைப் பாருங்கள்: பட்டினமும் சூழலும். ஆங்கிலத்தில் 'டவுன் அண்ட் கிராவெட்ஸ்'. கிராவெட்ஸ் என்றால் என்ன என்று கந்தோரில் கேட்டால், பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள். பட்டினம் துறைமுகத்துக்கு, சூழல் எங்களுக்கு. மழை பெய்தால் எங்களைச் சூழ்கிறது.

சபை ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 1950இல் எங்கள் நகரசபை ஊருக்குத் தண்ணீர் வேண்டுமென்று ஒரு கிணறு வெட்டியது. கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள். எங்களுக்குக் கடவுள்மார் புறப்பட்டார்கள். சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார்! போர்த்துக்கேயனுக்குப் பயந்து ஆரோ புதைத்து வைத்த செப்புத் திருமேனிகள், முந்நூறு வருடத்துக்கு மேல் மண்ணுக்குள். 1963 மார்ச்சில் புதுக் கோணேசர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அந்த மண்வெட்டிக்காரருக்கு ஆரும் பொன்னாடை போர்த்தியதாக நான் அறியவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஊரில் கிண்டவே பயம் போலிருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் மூன்றடிக்குக் கீழே ஒரு கடவுளும் இல்லை என்று இத்தால் உறுதியளிக்கிறேன். கிண்டாமல் மேலே முளைப்பதும் இங்கே உண்டு. 2005 மே மாதம் ஒரு இரவு விடிந்தபோது சந்தைக்குப் பக்கத்தில் புத்தர் சிலை இருந்தது. அதற்கு ஆரும் ஏழாவது கூடு நிரப்பினார்களா தெரியாது.

போர்க்காலத்தை இந்தத் தாளில் எழுதவில்லை. அதில் நக்கலடிக்க எனக்கு மனம் வராது, படிவத்தில் இடமும் போதாது.

எண்ணெய்த் தாங்கிகளுக்கு வருகிறேன். ஆங்கிலேயன் தன் கப்பல்களுக்காகச் சீனக்குடாவில் வரிசையாகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி யப்பான்காரன் குண்டு போட வந்தபோது ஒரு விமானம் ஒரு தாங்கியின் மேலேயே வந்து விழுந்தது. இப்போது மிச்சம் 99. நூறாவதைக் கட்டி முடிக்காமல் 99இல் நிறுத்தியிருக்கிறார்கள், எங்கள் ஊர்க்காரர் கைவரிசை என்று நினைக்கத் தோன்றும், அது பிழை. 1957இல் ஆங்கிலேயன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனான். 1987இல் அரசாங்கத்தார் இந்தத் தாங்கிகளைப் பற்றி இந்தியாவோடு கடிதம் மாறினார்கள். 2003இல் குத்தகை எழுதினார்கள். 2022 சனவரியில் கடைசியாகப் பாகம் பிரித்தார்கள்: இந்தியக் கொம்பனிக்கு 14, எங்கள் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டு பேருக்கும் சேர்த்து 61. கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரி. தாய் தகப்பன் சொத்தை இவ்வளவு துப்புரவாகப் பிரித்த குடும்பத்தை நான் கண்டதில்லை.

பாகம் பிரித்து நாலைந்து மாதத்தில், 99 தாங்கி உள்ள ஊரில், நான் ஒரு லீற்றர் பெற்றோலுக்காக இரண்டு இரவு செட் வாசலில் படுத்தேன். சைக்கிளை முன்னாலும் மோட்டார் சைக்கிளைப் பின்னாலும் விட்டு வரிசையில் இடம்பிடித்த ஒரு அண்ணை, தலைமாட்டில் பாயை உருட்டி வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, யப்பான்காரன் ஒரு தாங்கியிலை விழுந்தான். நாங்கள் 99 இருந்தும் நிலத்திலை கிடக்கிறம்." பிறகு கியூஆர் அட்டை வந்தது. வரிசை குறைந்தது. அவரை அதற்குப் பிறகு காணவில்லை. சைக்கிளிலேயே போகிறார் என்று கேள்வி.

அப்படியென்றால் வடிகான் விசயமாக உள்ளூர்ப் பிரதிநிதியிடம் போயிருக்கலாமே என்பீர்கள். 2018இல் வாக்குப் போட்டோம். 2023 மார்ச் 9இல் திரும்பப் போட இருந்தோம். காசில்லை என்று ஒத்திவைத்தார்கள். சபைகளும் அந்த மாதமே கலைந்தன. 2025 மே 6 வரைக்கும் இரண்டு வருடத்துக்கு மேல் திட்டுவதற்குக்கூட ஒரு உறுப்பினர் இல்லாமல் வாழ்ந்தோம். மாகாண சபை 2017 செப்டெம்பரில் முடிந்தது. தேர்தலை இன்னும் தேடுகிறார்கள். வெளிநாட்டுக்காரன் பிடித்தபோது எட்டு மாதத்தில் மூன்று ஆட்சி கிடைத்தது. எங்களிடமே தந்தபிறகு ஒன்றுக்கும் தட்டுப்பாடு.

இப்படிப் பதினொரு தாள். மோட்டார் சைக்கிள் முன்கூடையில் வைத்து, மேலே மரக்கறிப் பையை வைத்து, டவுனுக்குப் போனேன். வழியில் சந்தையில் நிறுத்திக் கீரையும், மாமி சொன்ன கீரி மீன் அரைக்கிலோவும் வாங்கினேன். கந்தோரில் கிளாக்கர் படிவத்தைப் புரட்டி, ஏழாவது கூட்டில் கண்ணை வைத்தார்.

"இதிலை 'தனித்தாள் பார்க்க' எண்டிருக்கு. எங்கை தாள்?"

"கூடையிலை இருக்கு ஐயா. எடுத்துவாறன்."

திருகோணமலை மான்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோட்டைக்குள் வளர்ந்த புள்ளிமான்கள். இப்போது டவுன் முழுக்க அவற்றின் ஆட்சி. சந்தைக் கழிவு, சோற்றுப் பார்சல் சுற்றிய தாள், எது கிடைத்தாலும் சரி. வெளியே வந்தபோது இரண்டு மான் கூடைக்குள் தலையை விட்டிருந்தன. கீரை போய்விட்டது. இராவணன் போய்விட்டான். டென்மார்க், போர்த்துக்கல், ஒல்லாந்து மூன்றும் முடிந்து, வெலஸ்லியின் சொறியைச் சின்ன மான் ஆறுதலாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. கையைத் தட்டினேன்; என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜேன் ஒஸ்டினின் தம்பியை எடுத்துக்கொண்டது.

மீன் பையின் கீழ் அகப்பட்டு நனைந்திருந்த கடைசி மூன்று தாளோடு உள்ளே போனேன். கிளாக்கர் மூக்கைச் சுளித்து, ஒற்றை விரலால் அவற்றைத் திருப்பித் தள்ளினார்.

"ஐயா, படிவத்திலை நாலு கோடு விட்டிருக்கு. அதுக்குள்ளை எழுதுங்கோ."

பேனாவை இரவல் வாங்கி எழுதினேன்: "மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். நெடுங்காலமாக."

அவர் முத்திரை குத்தினார். மிச்சம் இரண்டரைக் கோடு வெறுமையாகவே கிடந்தது.