கப்பலில் ஒரு கொங்காணி

அக்கா மகன் பெட்டியில் எட்டு டி-ஷர்ட் அடுக்கி வைத்திருந்தான். எட்டும் கறுப்பு.

"எட்டும் ஒண்ணுதானேடா?" என்று கேட்டுவிட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "மாமா, இது வாஷ்டு பிளாக். இது சார்கோல். இது ஓவர்சைஸ்டு. இது பாக்ஸி ஃபிட்" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். நகைக்கடைக்காரர் தோடு எடுத்துக் காட்டுகிற பொறுமை. கடைசிவரை எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. நாலு புதுசு, நாலு சாயம் போனது என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

பயலுக்கு வயது பதினைந்து. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு, திரும்பச் சிங்கப்பூரிலேயே இறங்குகிற நாலு இரவுக் கப்பல் பயணம். அக்கா, அத்தான், பயல், நான், எங்கள் அப்பா. கப்பல்காரர்கள் முன்கூட்டியே அனுப்பிய தாளில் ஓர் இரவு 'ஃபார்மல்', மற்ற மூன்று இரவும் 'கேஷுவல்' என்று போட்டிருந்தார்கள். ஃபார்மலால் எங்கள் வீட்டில் ஒரு சிக்கலும் இல்லை. அத்தானிடம் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு இருந்தது; பொத்தான் போடாமல் அணிந்தால் இன்றைக்கும் பொருந்தும். அக்காவுக்குப் பட்டு, அப்பாவுக்கு எட்டு முழ வேட்டி. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சண்டை முழுக்கக் கேஷுவலில்தான்.

அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு அகராதி. அக்காவுக்குக் கேஷுவல் என்றால் பட்டு வேண்டாம், சில்க் காட்டன் போதும். அத்தானுக்கு ஆபீஸ் சட்டையையே இன் பண்ணாமல் வெளியே விடுவது. அப்பாவுக்குத் தெரிந்தது கேஷுவல் லீவு ஒன்றுதான். அன்றைக்குக் கைவைத்த பனியன் போதும். பயலுக்கு மட்டும் அது விரதம் மாதிரி. ஆசாரம் ஒன்று குறைந்தாலும் தெய்வக் குற்றம்.

கப்பலின் சட்டம் உண்மையில் ரொம்பச் சின்னது. நீச்சல் உடையோடு சாப்பாட்டுக் கூடத்துக்கு வராதே. வெறுங்காலோடு வராதே. ஆண்கள் கையில்லாத பனியனோடு இரவுச் சாப்பாட்டுக்கு உட்காராதே. பல கப்பல்களில் கேஷுவல் இரவென்றால் ஒழுங்கான அரை டிராயரைக்கூட இப்போது விட்டுவிடுகிறார்கள். 2000-இல் நார்வீஜியன் குரூஸ் லைன் 'ஃப்ரீஸ்டைல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சொன்ன நேரத்துக்கு, சொன்ன மேசையில், சொன்ன உடுப்பில் வந்து உட்கார் என்ற பழைய கண்டிப்பு அதில் தளர்ந்தது. அப்புறம் காற்று அந்தப் பக்கமே வீசிக்கொண்டிருக்கிறது. கியூனார்டு போன்ற பழைய வீட்டுக்காரர்கள்தான் விருந்து இரவு, கறுப்பு போ டை என்று இன்னும் பெருமையைக் காப்பாற்றுகிறார்கள். ஆக, சாதாரணக் கப்பலில் ஒரு பையனுக்கு ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் ஷூவும் போதும். பெண்பிள்ளைக்குக் குர்த்தி, லெக்கிங்ஸ், இல்லை முழங்கால் வரை வருகிற கவுன். குளிருக்கு மேலே போட ஒன்று. ஐந்து நிமிட வேலை.

பயலின் சட்டம் வேறு. அது எங்கேயும் அச்சாகவில்லை; ஆனால் அதற்கு மேல்முறையீடும் கிடையாது. காலர் கூடாது, காலர் வைத்தால் 'அங்கிள்'. இன் பண்ணக்கூடாது. பேன்ட் இடுப்பில் நிற்கிறதா, இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பது பார்ப்பவருக்குக் கடைசிவரை தெரியக்கூடாது. ஷூ வெள்ளையாக இருக்கவேண்டும். புதுசு என்று தெரியக்கூடாது. சாக்ஸ் கணுக்காலுக்கு மேலே தெரியவேண்டும். கொஞ்ச நாள் முன்னால் வரை தெரியக்கூடாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். சட்டத்திருத்தம் எப்போது வந்தது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலான விதி கடைசியில் வருகிறது. இத்தனையும் செய்து முடித்துவிட்டு, ஒன்றுமே செய்யாதவன் மாதிரி வந்து நிற்கவேண்டும்.

முதல் சாயங்காலம் அதை நேரில் பார்த்தேன். கப்பல் அறையின் குளியலறை எவ்வளவு பெரிது என்றால், உள்ளே சோப்பு விழுந்தால் குனிந்து எடுக்க முதலில் கதவைத் திறக்கவேண்டும். அதற்குள் பயல் நாற்பது நிமிடம் இருந்தான். வெளியே அக்கா வேறொரு துக்கத்தில் இருந்தாள். வீட்டிலிருந்து சின்ன இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் துண்டுக்குள் சுருட்டி எடுத்து வந்திருந்தாள். ஏறும்போதே எக்ஸ்ரேயில் அது மாட்டிக்கொண்டது. கப்பலில் பெரிய பயம் தீதான். அறைக்குள் இஸ்திரிப் பெட்டி, ஆவிப்பெட்டி எதையும் விடமாட்டார்கள். இறங்கும்போது தருகிறோம் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "சட்டையெல்லாம் மாடு மென்ன மாதிரி இருக்கு. இதைப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னால எப்படி நிக்கிறது?" என்று அவள் புலம்பிக்கொண்டிருக்க, உள்ளே வெந்நீர்க் குழாய் விடாமல் ஓடுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம்டா குளிப்ப?"

"குளிக்கலம்மா. டி-ஷர்ட்டை ஸ்டீம்ல தொங்க விட்டிருக்கேன்."

அப்போதுதான் கசங்கலிலும் ரகம் உண்டு என்று தெரிந்தது. உடம்பில் போட்டுக் கசங்கினால் ஸ்டைல். பெட்டியில் மடிப்புக்கோடு விழுந்தால் கேவலம். இது அம்மா மடித்து வைத்த சட்டை என்று உலகத்துக்கே தெரிந்துவிடும். நாற்பத்தோராவது நிமிடம் கதவு திறந்தது. கண்ணை மறைக்கிற முடி, வாஷ்டு பிளாக், பாதி இழுத்த சாக்ஸ். தூங்கி எழுந்து அப்படியே வந்தவன் மாதிரி நின்றான்.

"ரெடியாயிட்டியா?"

"எதுக்கு ரெடியாவணும்? சும்மா வந்தேன்" என்று சொல்லி, இதற்கெல்லாம் மேலே ஒரு கறுப்பு ஹூடியை எடுத்து மாட்டினான்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகையிலிருந்து 150 கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர். மேல்தளத்தில் நின்றால் ஈரத்துணி போர்த்தின மாதிரி வியர்வை. அதில் உள்ளே பஞ்சு வைத்த தடித்த சட்டை, தலைக்கு மூடி. அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். நாகப்பட்டினத்துப் பக்கம் நடவுக்காலத்தில் மழை வந்தால் சாக்கை மூலை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வயலில் இறங்குவார்கள். அந்தக் கொங்காணிதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

"எதுக்குடா தம்பி கொங்காணி? மழையா வருது?"

"தாத்தா, இது ஹூடி."

"சரி. கொங்காணிக்கு இப்ப அப்படிப் பேரு."

இந்த இனத்தின் மற்ற பழக்கங்களையும் சொல்லிவிட வேண்டும். குடும்பத்தோடு நடக்கும்போது ஏழடி முன்னால் நடக்கும், அல்லது ஏழடி பின்னால். பக்கத்தில் நடந்தால் உறவு தெரிந்துவிடும். சாப்பாட்டு மேசையில் பரிமாறுகிறவர் வந்தால், அம்மா வாயைத் திறப்பதற்குள் தானே ஆர்டர் சொல்லிவிடும்; இல்லையென்றால் "காரம் கம்மியா, குழந்தைக்கு" என்று மானம் போய்விடும். குடும்பப் படம் எடுக்கும்போது கேமராவைப் பார்க்காது. ஆனால் லிஃப்டுக்குள் கண்ணாடி இருந்தால் பதினோரு தளமும் அதையே பார்த்துக்கொண்டு ஏறும்.

கப்பலில் பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரைக்குமானவர்களுக்கென்று தனி அறை ஒன்று உண்டு. விளையாட்டு, பாட்டு, பீன் பேக் எல்லாம் இருக்கும். பெற்றோர் எட்டிப் பார்க்கக்கூடாது. கப்பலில் வைஃபைக்குத் தனிக் காசு. அத்தான் கட்ட மறுத்துவிட்டார். அதனால் பாவம், பிள்ளைகள் நம் காலம் மாதிரி நேரிலேயே பேசிக்கொள்ளும்படி ஆகிவிட்டது. எட்டு மணிக்குப் புது சிநேகிதனைச் சந்திக்கக் கிளம்பினவனிடம் கேட்டேன்.

"ஆயிரக்கணக்கான பேர் இருக்கிற கப்பல்ல அவனை எப்படிடா கண்டுபிடிப்ப?"

"ஈஸி மாமா. பிளாக் ஹூடி போட்டிருப்பான்."

அந்த அடையாளத்தின் லட்சணம் ராத்திரி ஒரு மணிக்குத் தெரிந்தது. அதற்கு மேல் துணையில்லாமல் பிள்ளைகள் திரியக்கூடாது என்பது கப்பல் ஊரடங்கு. அக்கா பன்னிரண்டே முக்காலுக்கே போய் வாசலில் நின்றுவிட்டாள். துணைக்கு நான். கதவு திறந்தது. சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், மும்பைப் பிள்ளைகள், வெள்ளைக்காரப் பிள்ளைகள். முப்பது பேர் இருக்கும். முப்பதும் கறுப்புக் கொங்காணி. அக்கா கூட்டத்துக்குள் புகுந்து ஒரு தலைமூடியைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தாள். "மணி ஒண்ணு ஆவுது! கொழுப்பாடா உனக்கு?"

திரும்பினது கண்ணாடி போட்ட ஒரு சீனப் பையன். அவனுக்குத் தமிழ் தெரிய நியாயமில்லை. ஆனால் அந்தக் குரலை அவன் வீட்டிலும் கேட்டிருப்பான் போலிருக்கிறது. ஒரு நொடிகூட யோசிக்காமல் "சாரி ஆன்ட்டி" என்று தலை குனிந்தான். எங்கள் பயல் தூணுக்குப் பின்னால் நின்று, மூடியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தான் அநாதை என்று நிரூபித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பினாங்கு. கப்பல் கிளம்பினதும் சாயங்காலம் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் 1966-இல் இதே ஊருக்குக் கப்பலில் வந்தவர். ரஜூலா. 1926-இலிருந்து 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடின கப்பல். எங்கள் பக்கத்தில் அதில் போகாத குடும்பம் இருந்தால் அதில் போனவர்களை வழியனுப்பின குடும்பமாக இருக்கும். நாகையில் கப்பல் கரைக்கு வராது. படகில் போய் ஏறவேண்டும். தாத்தா பினாங்கில் சின்னதாகக் கடை வைத்திருந்தார். பிள்ளையைக் கூடமாட இருக்க அழைத்துப் போனார். அப்பாவுக்கு அப்போது பதினைந்து வயது.

"அப்ப நீங்க என்ன தாத்தா போட்டுக்கிட்டு வந்தீங்க?" பயல் சும்மாதான் கேட்டான். கேட்கும்போதே கண் வேறு பக்கம் இருந்தது.

"வரும்போது லுங்கிதான். டெக்குல பாய் விரிச்சுப் படுக்கை. எல்லாரும் ஒரே மாதிரி இருப்போம், நேத்து உங்க கூட்டம் இருந்த மாதிரி. ஆனா பெட்டியில ஒரு பேன்ட் இருந்துச்சு. அதுக்கு முன்னால நான் முழுப் பேன்ட் போட்டதில்ல. கிளம்பறதுக்கு முன்ன எங்கப்பா தச்சுக் குடுத்தாரு. பினாங்குல இறங்கும்போதுதான் போடணும்னு கண்டிஷன்."

"போடவே இல்லையா?"

அப்பா ஒரு தரம் திரும்பி, அக்கா கேட்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். "ரெண்டாம் நாள் சாயங்காலமே எடுத்துட்டேன். டெக்குல காரைக்கால் குடும்பம் ஒண்ணு இருந்துச்சு." அதற்கு மேல் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பெட்டியில இருந்து ஒரே மடிப்பு. இஸ்திரிக்கு எங்க போறது? முதல் நாள் ராத்திரியே எடுத்து, பாய்க்கு அடியில நீட்டிப் போட்டு, அது மேலயே புரளாம படுத்தேன். மறுநாள் பார்த்தா கத்தி மாதிரி நின்னுச்சு. போட்டுக்கிட்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நாலு நடை. எங்கப்பா பார்த்துட்டு, 'எதுக்குடா போட்ட?'ன்னாரு. 'லுங்கி ஈரமாயிருச்சு, சும்மா போட்டேன்'னேன்."

பயல் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வந்த இரண்டு நாளில் அவன் முழு முகத்தை அப்போதுதான் பார்த்தேன். "என்ன ஃபிட் தாத்தா? லூஸா, பேகியா?"

"லூஸா? குழாய் பேன்ட்டுடா. காலை உள்ள விட்டா வெளிய எடுக்க ரெண்டு ஆள் வேணும்."

"ஐயோ தாத்தா, ஸ்கின்னியா!" என்று பயல் முகத்தைப் பொத்திக்கொண்டான். குடும்பத்துக்கு இப்படி ஒரு களங்கம் இருப்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

மூன்றாம் இரவு ஃபார்மல். அதில் எழுத ஒன்றுமில்லை, கோட்டுப் பொத்தானைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். நாலாம் நாள் கடைசிக் கேஷுவல். நாடக அரங்கில் ஏசி பிராய்லர் கோழிக் கடை குளிர்பெட்டி மாதிரி இருக்கும் என்பது இதற்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. அக்கா, பத்துச் சால்வை கொண்டு வந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பயல் மட்டும் ஒன்றும் பேசாமல் தன் ஹூடியைக் கழற்றித் தாத்தாவுக்கு மாட்டிவிட்டான். வேட்டி, விபூதி, கறுப்புக் கொங்காணி. அரங்க வாசலில் அந்த முப்பது பேரில் இரண்டு பேர் அவரைப் பார்த்து, தங்கள் ஆள் என்பது போல மோவாயை லேசாக உயர்த்திவிட்டுப் போனார்கள். அப்பாவும் பதிலுக்கு உயர்த்தினார்.

பயல் வெறும் கறுப்பு டி-ஷர்ட்டில் நின்றான். சார்கோல் என்று நினைக்கிறேன். ஒரு சுருக்கம், ஒரு மடிப்புக்கோடு கிடையாது. தகடு மாதிரி விறைப்பாக இருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அன்று காலை அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் தேடி அவர் மெத்தையைத் தூக்கினபோது, அடியில் ஒரு கறுப்பு டி-ஷர்ட் கைகளை விரித்து மல்லாந்து படுத்திருந்ததைப் பார்த்து, ஏதோ தவறி விழுந்தது என்று விட்டுவிட்டேன்.

"என்னடா, சட்டை பளிச்சுனு இருக்கு?"

"தெரியல மாமா. சும்மா எடுத்துப் போட்டேன்."

பக்கத்தில் கொங்காணிக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.