யார் யாரைப் பார்த்தது? சைக்கிள் பந்தயத்தின் சாலையோர ரசிகர் குறித்து ஓர் ஆராய்ச்சி

சமதரைச் சாலையில் பந்தய வீரர்கள் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் வருகிறார்கள் என்று கொள்க. விநாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் ஆயிற்று. பெலோட்டான் எனப்படும் அந்தப் பெருந்திரளின் நீளம் 200 மீட்டர் என்றால், ஓரமாக நிற்கும் ஓர் ஆளைக் கடந்துபோக அதற்கு 16 விநாடி பிடிக்கும். அந்த ஆளோ, சாலையை அடைத்துவிடுவார்களே என்று காலை ஒன்பது மணிக்கே மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, குடை, மாமியார் ஆகியவற்றோடு வந்து அமர்ந்தவர். பந்தயம் அவர் இருக்கும் இடத்துக்கு வருவது பிற்பகல் மூன்று மணிக்கு. ஆறு மணி நேரம் என்பது 21,600 விநாடி. அதை 16ஆல் வகுத்தால், ஒரு விநாடிக் காட்சிக்கு 1,350 விநாடிக் காத்திருப்பு என்று வருகிறது. இடையே ஒரு தும்மல் வந்துவிட்டால் விகிதம் இன்னும் கெடும்.

ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில், டூர் டி பிரான்ஸ் நடக்கும் மூன்று வாரமும், பிரான்சின் சாலையோரங்களில் லட்சக்கணக்கானோர் இந்த விகிதத்துக்கு உடன்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் என்பதே இவ்வாய்வின் வினா.

இதற்கு ஏற்கெனவே இரண்டு கொள்கைகள் உண்டு. முதலாவது மடமைக் கொள்கை. இது பெரும்பாலும் ரசிகரின் வீட்டாரால் முன்வைக்கப்படுவது. சுருக்கமானது, எளிதில் மறுக்க இயலாதது. ஆயினும் இத்தனை பேருக்கும் ஒரே மாதத்தில், ஒரே சாலையில், முன்கூட்டியே அச்சிட்ட கால அட்டவணைப்படி மடமை ஏற்படுவது எங்ஙனம் என்பதை அது விளக்கவில்லை. இரண்டாவது சிக்கனக் கொள்கை: சாலைக்கு டிக்கெட் கிடையாது, ஆகவே வருகிறார்கள் என்பது. அற்றன்று. என்னை? டென்மார்க்கிலிருந்து கேரவன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, இரண்டு நாள் முன்னதாகவே மலைச்சரிவில் இடம் பிடித்திருக்கும் குடும்பத்தின் டீசல் செலவைக் கணக்கிட்டால் சிக்கனம் அங்கேயே செத்துவிடும்.

இக்கட்டுரையின் துணிபு வேறு. சாலையோர ரசிகர் பந்தயத்தைப் பார்க்க வரவில்லை. பந்தயத்தால் பார்க்கப்பட வருகிறார். அமர்ந்திருப்பதே காட்சி, உருண்டு செல்வது பார்வையாளர் கூட்டம். இருபதுக்கு மேற்பட்ட அணிகள், அணிக்கு 8 பேர், இத்தனை பேரும் 21 கட்டங்களில் ஏறத்தாழ 3,400 கி.மீ. மிதித்து ஒரு நாட்டின் மக்களை வரிசையாகப் பார்த்துச் செல்கிறார்கள். இவ்வளவு உழைத்துக் காட்சி பார்த்த சபை வேறெதுவும் இல்லை.

'இது தேர்த்திருவிழா போன்றதுதானே, சாமி வீதிக்கு வருகிறது, அவ்வளவுதானே?' என்று நம்மூர்ப் புலவர் ஒருவர் எளிதாக முடித்துவிடக்கூடும். ஒவ்வாது. தேர் நிற்கும். தேங்காய் உடைக்க நேரம் தரும். பெலோட்டான் நிற்பது விபத்து போல ஏதாவது நடந்தால் மட்டும். அப்போதும் தேங்காய்க்கு இடமில்லை.

இனி, இடத்தேர்வு. இதில் சமதரைக் கட்சி, மலைக் கட்சி என இரு பிரிவுண்டு. சமதரைக் கட்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவர்களுக்கு மரநிழல் கிடைக்கிறது, 16 விநாடியும் கிடைக்கிறது. மலைக் கட்சியினரே கோட்பாட்டளவில் முதிர்ந்தவர்கள். மலையேற்றத்தில் முன்னணி வீரரின் வேகமே 20, 22 கி.மீ.க்கு இறங்கிவிடுகிறது, திரள் சிதறுகிறது, முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே அரை மணிக்கு மேலாகிறது. பார்க்கப்படும் நேரம் பெருகுகிறது என்க.

மலைக் கட்சியின் தலைநகரம் ஆல்ப் டுவெஸ். 13.8 கி.மீ. ஏற்றம், 21 கொண்டையூசி வளைவுகள். கீழிருந்து ஏறுபவருக்கு 21இல் தொடங்கி 1இல் முடியும்படி எண்ணிட்டிருக்கிறார்கள். மூச்சு வாங்குபவருக்குத் தலைகீழ் எண்ணிக்கை ஆறுதல் என்று யாரோ கருதியிருக்க வேண்டும். 1952இல் டூர் முதன்முதலாக இங்கே ஏறியபோது வென்றவர் இத்தாலியின் ஃபௌஸ்டோ கோப்பி. ஏழாம் வளைவு டச்சுக்காரர்களுடையது. 1976 முதல் 1989 வரை இம்மலையில் நெதர்லாந்து வீரர்கள் 8 முறை வென்றனர். அந்த நாட்களில் அவர்கள் நாட்டவர் ஆரஞ்சு உடையும் பீருமாக அந்த வளைவைக் கைப்பற்றி, இன்றுவரை விடவில்லை. மலையே இல்லாத நாட்டவர் பிறநாட்டு மலையில் ஒரு வளைவை இப்படி ஆண்டுவருவது அரசியல் அறிவியலார் கவனத்துக்குரியது. 1989க்குப் பின் ஆண்கள் டூரில் டச்சு வெற்றி ஒன்றுகூட அங்கே வரவில்லை. அவர்கள் வருவதை நிறுத்தினார்களா? இல்லை. வெற்றிக்காக வந்தவர்கள் என்றால் நிறுத்தியிருப்பார்கள் அன்றோ? கடைசியில் 2024 ஆகஸ்டில், பெண்கள் டூரின் இறுதிக் கட்டத்தில், டெமி வொலெரிங் என்ற டச்சு வீராங்கனை அங்கே வென்றார். வென்ற அதே மாலை, ஒட்டுமொத்தப் போட்டியைப் போலந்தின் காஷா நியவியதோமாவிடம் 4 விநாடியில் இழந்தார். ஏழாம் வளைவில் அன்றைக்குச் சிரித்தார்களா அழுதார்களா என்று கேட்பவர் அந்த வளைவை அறியாதவர். பாடினார்கள்.

இரு கட்சியிலும் சேராத மூன்றாவது மரபு ஒன்று பெல்ஜியத்தில் உண்டு. ஃபிளாண்டர்ஸ்காரர்களுக்கு உட்கார்ந்திருப்பது பிடிக்காது. 1913 முதல் நடக்கும் ஃபிளாண்டர்ஸ் பந்தய நாளன்று, வரைபடமும் காருமாகக் குறுக்குச் சந்துகளில் பாய்ந்து, ஒரே பந்தயத்தை நாலைந்து இடங்களில் மறித்துப் பார்ப்பார்கள். 16 விநாடி 80 விநாடியாகும். ஆனால் அன்று முழுவதும் ரசிகர் ஓட்டிய தூரத்தைப் பார்த்தால் யார் பந்தய வீரர் என்ற ஐயம் எழுகிறது. இதை உணர்ந்தோ என்னவோ, 2012இல் அமைப்பாளர்கள் பாதையையே மாற்றி, ஒரே மேட்டில் வீரர்களைத் திரும்பத் திரும்ப ஏறவிட்டார்கள். அதற்காக ஹெராட்ஸ்பெர்கனின் புகழ்பெற்ற செங்குத்து மேட்டைக் கைவிட்டதில் ரசிகர்களுக்கு வந்த கோபம் தனி ஆய்வுக்குரியது.

காத்திருப்பை நிரப்புவது விளம்பர ஊர்வலம். 1930இல், டூரை நடத்திய ஆன்ரி தெகிராஞ்ச், சைக்கிள் நிறுவன அணிகளை நீக்கி நாட்டு அணிகளை நுழைத்தார். நிறுவனப் பணம் போயிற்று. செலவுக்கு வழி வேண்டும். விளம்பரம் செய்வோர் காசு கொடுத்துவிட்டுப் பந்தயத்துக்கு முன்னால் வண்டி ஓட்டிப் போகலாம் என்று ஏற்பாடாயிற்று. இன்று வீரர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாக இந்த ஊர்வலம் பாட்டும் கூத்துமாக வருகிறது. ராட்சதக் கோழி, ராட்சத டயர் என்று வேடமிட்ட வண்டிகளிலிருந்து தொப்பி, சாவிக்கொத்து, மிட்டாய், விரல் நீளத் தொத்திறைச்சிப் பொட்டலம், சலவைத்தூள் மாதிரி எல்லாம் கூட்டத்தின் மீது வீசப்படுகின்றன. வங்கியில் உயர்பதவி வகிக்கும் கனவான் ஒருவர், கடையில் அரை யூரோவுக்கும் பெறாத சாவிக்கொத்துக்காகப் பள்ளத்தில் பாய்ந்து எட்டு வயதுச் சிறுவனோடு மல்லுக்கட்டுவதை இங்கே காணலாம். இதன் சட்டம் எழுதப்படாதது எனினும் தெளிவானது: காற்றில் இருப்பது பொது, தரையில் விழுந்தது குழந்தைக்கு, குழந்தை பார்க்காதபோது பெரியவருக்கு. நம் துணிபுக்கு இதுவும் சான்று. காட்சிப் பொருளுக்குக் கூலி கொடுக்கிறார்கள். பார்வையாளருக்கு யாராவது தொத்திறைச்சி கொடுப்பார்களா?

வருகைக் குறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் ஹெலிகாப்டர் ஒலி. பிறகு காவல்துறை மோட்டார் சைக்கிள்கள், இயக்குநரின் சிவப்புக் கார், விசில், எதிர்ச்சரிவிலிருந்து உருண்டுவரும் கூச்சல். அனுபவமுள்ளவர் இந்நிலையில் கைபேசியை உள்ளே வைத்துவிடுவார். அனுபவமற்றவர் வெளியே எடுப்பார்; 16 விநாடியையும் விரல்நீளத் திரையில் பார்த்து, மாலையில் அதில் தம் கட்டைவிரலைக் கண்டுகொள்வார்.

துணிபுக்கான நேரடிச் சான்றுகளுக்கு வருவோம். ஜெர்மனியின் டிடி சென்ஃப்ட் 1993 முதல் செந்நிறச் சாத்தான் வேடத்தில், கையில் திரிசூலத்தோடு சாலையோரம் குதித்தவர். தாம் நிற்குமிடத்துக்குச் சற்று முன்னதாகவே சாலையில் திரிசூலப் படம் வரைந்து அறிவிப்புக் கொடுப்பது அவர் வழக்கம். அறிவிப்புக் கொடுப்பவர் பார்வையாளரா? விவசாயிகள் வயல்களில் டிராக்டர்களையும் வைக்கோல் கட்டுகளையும் அடுக்கி, வானிலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும் ராட்சதச் சைக்கிள் படங்களை அமைக்கிறார்கள். தரையில் நிற்கும் அவர்களுக்கே அது தெரியாது. மலைச்சாலையில் ரசிகர்கள் இரவோடிரவாக வீரர் பெயர்களை வெள்ளைச் சாயத்தில் எழுதுகிறார்கள். பெயரோடு நில்லாமல் சிலர், அவையில் சொல்லத்தகாத மனித உறுப்பு ஒன்றையும் பெரிதாக வரைந்துவைக்கிறார்கள். இதற்கென்றே பந்தயத்துக்கு முன்னால் வண்ணப் பெட்டியோடு ஒரு வண்டி போகிறது. அழிக்க நேரமிருக்காது, ஆகவே அதிலிருப்பவர்கள் இரண்டு கோடுகளைச் சேர்த்து அவ்வுறுப்பை ஆந்தையாகவோ வண்ணத்துப்பூச்சியாகவோ மாற்றிவிடுகிறார்கள். பிரெஞ்சு மலைச்சாலைகளில் வண்ணத்துப்பூச்சி ஓவியங்கள் மிகுதியாகக் காணப்படுவதன் காரணம் இஃதே.

பார்க்கப்படும் வேட்கை எல்லை மீறினால் என்னாகும் என்பதற்கு வரலாறு நீண்டது. 1904இலேயே, இரண்டாவது டூரிலேயே, சேந்த்-எத்தியென் அருகே உள்ளூர் வீரருக்கு ஆதரவாக இருட்டில் கூடிய கும்பல் மற்ற வீரர்களை அடித்து நொறுக்கியது. துப்பாக்கியால் சுட்டுத்தான் கலைக்க வேண்டியிருந்தது. 1975இல் ஆறாவது டூர் வெற்றியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த எடி மெர்க்ஸின் விலாவில், புய் தெ தோம் மலையில் ஒரு ரசிகர் குத்தினார். சில நாளில் மெர்க்ஸ், ஒட்டுமொத்தப் போட்டியில் முன்னிலை வகிப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியை இழந்தார். அதன்பின் ஒருநாளும் அணியவில்லை. 1999இல் ஆல்ப் டுவெஸில், வெற்றிக்கோடு கண்ணுக்கெட்டும் தூரத்தில், படம் பிடிக்க நடுச்சாலையில் நின்ற ஒருவர் மீது ஜுசெப்பே குவெரினி மோதி விழுந்தார். எழுந்து வென்றார் என்பது வேறு. 2018இல் அதே மலையில் கேமரா வார் ஒன்று வின்சென்சோ நிபாலியை வீழ்த்தியது. எழுந்து ஓட்டி முடித்தவருக்கு முதுகெலும்பில் முறிவு, மறுநாள் போட்டியில் இல்லை.

ஆனால் கோட்பாட்டுத் தூய்மையில் இவை எவையும் 2021க்கு ஈடாகா. முதல் கட்டம், பிரெஸ்ட்டிலிருந்து லாந்தெர்னோவுக்கு. ஒரு பெண்மணி தம் தாத்தா பாட்டிக்கு வாழ்த்து எழுதிய அட்டையைத் தொலைக்காட்சிக் கேமராவுக்குத் தெரியும்படி சாலைக்குள் நீட்டினார். கண் கேமராவில், முதுகு பந்தயத்தின் பக்கம். டோனி மார்ட்டின் என்ற வீரர் அட்டையில் மோதினார். அவர் மேல் பெலோட்டானின் பெரும்பகுதி சரிந்தது. சில நாள் தேடலுக்குப் பின் கைதான அப்பெண்மணிக்கு நீதிமன்றம் 1,200 யூரோ அபராதம் விதித்தது. விழுந்தவர்களின் எலும்புகளை நினைத்தால் சிரிக்க வராது. ஆயினும் ஆய்வாளர் என்ற முறையில் பதிவு செய்தாக வேண்டும்: பந்தயத்துக்கு முதுகைக் காட்டி நின்ற அந்த ஒருவர், மற்றவர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்கும் உண்மையைச் செயலில் காட்டிவிட்டார்.

பார்த்ததற்கு அடையாளமாக வீரர் விட்டுச்செல்லும் பொருள் ஒன்றுண்டு: காலித் தண்ணீர்ப் புட்டி. 2021இல் சர்வதேசச் சைக்கிள் சங்கம், குறித்த இடங்கள் தவிர வேறெங்கும் புட்டி எறியக் கூடாது என்று, குப்பையைக் காரணம் காட்டி, விதி செய்தது. அவ்வாண்டு ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் ரசிகர்களை நோக்கிப் புட்டி எறிந்த சுவிஸ் வீரர் மைக்கேல் ஷேர் உடனே நீக்கப்பட்டார். சிறுவனாகச் சாலையோரம் நின்ற தனக்கு ஒரு வீரரிடமிருந்து கிடைத்த புட்டிதான் தன்னை இந்த விளையாட்டுக்குக் கொண்டுவந்தது என்று அவர் எழுதினார். சில நாளில் முதல் குற்றத்துக்கு அபராதம் மட்டும் என்று விதி தளர்ந்தது. இந்த விஷயத்தில் கட்டுரையாளர் நடுநிலை வகிக்க மறுக்கிறார், புட்டி எறியட்டும்.

எதிர்த்தரப்பார் ஒரு வலுவான வினா எழுப்புவர்: பார்க்கப்படவே வருகிறார்கள் என்றால், குறிப்பிட்ட வீரர் மீது அன்பு எதற்கு? அன்பு எவர் மீது பாய்கிறது என்று நோக்குக. ஜாக் ஆங்க்தீல் ஐந்து முறை டூரை வென்றார், மக்கள் மதித்தார்கள். ரேமோன் பூலிதோர் மூன்று முறை இரண்டாமிடம், ஐந்து முறை மூன்றாமிடம். மஞ்சள் ஜெர்சியை ஒருநாள்கூட அணிந்ததில்லை. மக்கள் அவரைத்தான் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். 2019இல் அவர் காலமான பிறகு, 2021 டூரின் இரண்டாம் நாளில் பேரன் மத்யூ வான் டெர் பூல் அந்த ஜெர்சியை வென்று அழுதபோது, சாலையோரக் கூட்டத்துக்கும் கணக்குத் தீர்ந்தது.

காரணம் ஒளியியல் சார்ந்தது. முதலில் போகிறவரின் பார்வை வெற்றிக்கோட்டில். அவர் யாரையும் பார்ப்பதில்லை. பின்தங்கியவர்களுக்கோ நேரமிருக்கிறது. மலைநாட்களில் வேக ஓட்டக்காரர்கள் காலவரம்புக்குள் வந்தால் போதும் என்று ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஏறுவார்கள். அதற்கு 'பஸ்' என்றே பெயர். பஸ்ஸில் வருபவர் தலையில் தண்ணீர் ஊற்றினால் ஏற்றுக்கொள்கிறார், முதுகில் கைவைத்துத் தள்ளினால் (விதிப்படி குற்றம்) நன்றி சொல்கிறார், முகத்தைப் பார்க்கிறார். 2006, 2007, 2008 என மூன்று முறை டூரைக் கடைசி ஆளாக முடித்த பெல்ஜியத்தின் விம் வான்செவெனான்ட், இக்கொள்கைப்படி அந்த மூன்றாண்டுகளின் தலைசிறந்த பார்வையாளர் ஆகிறார்.

எஞ்சிய தடை ஒன்று: தொலைக்காட்சி. 2017 முதல் டூரின் எல்லாக் கட்டங்களும் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலையில் வருகின்றன. சோபாவில் சாய்ந்தபடி ஒருவர் ஐந்து மணி நேரமும் பார்க்கிறார். யார் பிரிந்து ஓடினார், இடைவெளி எவ்வளவு, வழியில் தெரியும் கோட்டையைக் கட்டியவர் யார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சாலையோரத்தில் நின்றவருக்கோ வென்றவர் யார் என்பதே, மலையிறங்கும் போக்குவரத்து நெரிசலில் சிக்கியபின் கைபேசி சொல்லித்தான் தெரிகிறது. அப்படியானால் உண்மையான ரசிகர் வீட்டில் இருப்பவர் அல்லரோ எனின், இருக்கலாம். ஆனால் அவர் பந்தயத்தைப் பார்க்கிறார். ஆகவே இவ்வாய்வின் எல்லைக்குள் வரமாட்டார்.