பின்வாசலுக்கு விருது இல்லை

கேமரன் மலைத் தேயிலைக்கும் நாடக மேடைக்கும் உறவு உண்டு. 1929-இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய ‘போ’ தேயிலை நிறுவனத்தின் ஆதரவில், 2002-இல் காக்கிசெனி என்ற கலை அமைப்பு உருவாக்கியவைதான் ‘போ கேமரோனியன் கலை விருதுகள்’. மலேசிய நாடகம், நடனம், இசை எல்லாவற்றுக்கும் அவற்றில் இடமுண்டு.

நடிகருக்கு விருது உண்டு. இயக்குநருக்கு உண்டு. ஒளியமைப்புக்கும் உடையமைப்புக்கும்கூட உண்டு. அரங்கின் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஜாகா என்னும் காவலாளிக்கு? கைதட்டல் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். அதுவே பெரிய சலுகை.

அவர் அப்படி என்ன செய்கிறார்? ஒப்பனை அறைச் சாவி தருகிறார். “நான் யார் தெரியுமா?” என்பவரிடம், “தெரியலீங்க ஐயா, கையெழுத்துப் போடுங்க” என்கிறார். தீப்பிடித்தால் உள்ளே எத்தனை பேர் என்று தீயணைப்புக்காரர் பார்ப்பது இயக்குநரின் முகத்தை அல்ல, அந்தக் கையெழுத்து ஏட்டைத்தான்.

தேயிலைத் தோட்டத்தில் இப்படி ஆள் எண்ணுவதற்குப் பெரட்டு என்று பெயர். காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணாமல் ஒரு கூடை கொழுந்தும் நிறுவைக்கு வராது. ஆனால் ‘போ’வின் சுங்கை பாலாஸ் தோட்டத்தில் படம் பிடிக்க வருகிறவர்கள் மலையைத்தான் பிடிக்கிறார்கள். பெரட்டுக் களத்தை யாரும் கேட்பதில்லை.

ஆகவே ஒரு யோசனை: ‘சிறந்த பின்வாசல்’ என்று ஒரு பிரிவைச் சேர்க்கலாம். சிக்கல் ஒன்றுதான். விருது வாங்க ஜாகா மேடைக்குப் போய்விட்டால், கதவை யார் பார்ப்பது?