வாரண்டி வாங்கப் போற பேராண்டிக்கு

வாங்கு பேராண்டி, தாராளமா வாங்கு. முந்நூறு வெள்ளிதானே? உங்க பாட்டி கூடையைக் கட்டிக்கிட்டுக் கொழுந்து எடுத்த காலத்துல அது எத்தனை மாசச் சம்பளம்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா "பெருசு ஆரம்பிச்சிட்டாரு"ன்னு போனை எடுத்துக்குவே. புது மோட்டார் சைக்கிள் எடுக்கப் போன இடத்துல ஒரு பிள்ளை சிரிச்சுக்கிட்டே, "எக்ஸ்டெண்டட் வாரண்டி சேர்த்துக்குங்க அண்ணே, நிம்மதியா இருக்கலாம்"னு சொல்லிச்சாமே. நிம்மதியை விலைக்கு விக்கிற கடை நம்ம கேமரன் மலையிலேயே இருக்குன்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா கல்யாணத்துக்கு மறுநாளே போய் வரிசையில நின்னிருப்பேன்.

ஒண்ணும் தெரியாத கிழவன் கேட்கிறேன், கோவிச்சுக்காம பதில் சொல்லு. மோட்டாரோடவே கம்பெனி ஒரு வாரண்டி குடுக்குதுல்ல? நம்ம மலேசியாவுல பெரும்பாலும் ரெண்டு வருஷம் அல்லது 20,000 கிலோமீட்டர், எது முந்துதோ அது. நீ முந்நூறு வெள்ளி குடுத்து வாங்குற காகிதம் அது முடிஞ்ச பிறகுதான் கண்ணு முழிக்கும். காசு மட்டும் இன்னிக்கே வேணும். அதையும் நீ எங்கே ரொக்கமாக் குடுக்கப் போறே? மோட்டார் தவணை, காகிதமும் தவணை. பேச்சுக்கு வருஷத்துக்கு நூத்துக்குப் பத்து வட்டி, அசல் குறையாத வட்டி, நாலு வருஷம்னு வச்சுக்க. முந்நூறு நானூத்து இருபது ஆயிடுச்சு. அதுல முதல் ரெண்டு வருஷத்து வட்டி இருக்கே, அது இன்னும் கருத்தரிக்காத பிள்ளைக்குப் பால் டின் வாங்கி அடுக்கின கணக்கு.

சரி, பிள்ளை பொறந்துச்சுன்னே வை. எத்தனை நாள் இருக்கும்? நீ ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங்குக்கு வேலைக்குப் போய் வர்றே. சாயந்திரம் தலையை வாரிக்கிட்டுத் தானா ராத்தா பக்கம் எதுக்குப் போறேன்னு நான் கேட்கல. எல்லாம் சேர்த்து நாளைக்கு நாப்பது கிலோமீட்டர்னு போடு, வருஷத்துல முந்நூறு நாள். 12,000 ஆச்சு. அப்போ கம்பெனி குடுத்த 20,000 இருபதே மாசத்துல தீர்ந்துடும். காகிதத்துல "இன்னும் ஒரு வருஷம் அல்லது 10,000 கிலோமீட்டர்"னு போட்டிருந்தா, அது பத்து மாசத்துல முடிஞ்சிரும். மூணு வருஷம்னு சொல்லி வித்தது ரெண்டரை வருஷத்துல கையை விரிச்சிரும். யாரும் உன்னை ஏமாத்தல, எல்லாம் காகிதத்துலயே இருக்கு. எறும்பு சைஸ் எழுத்துல இருக்கு, அவ்வளவுதான். உனக்கு இருபத்தி நாலு வயசுக் கண்ணு, என் கண்ணாடி வேணும்னா இரவல் தர்றேன்.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு "எதுக்கெல்லாம் கிடையாது"ங்கிற பக்கத்தைப் படி. அதுதான் அதுல நல்ல இலக்கியம். பிரேக் ஷூ கிடையாது, பேட் கிடையாது. செயின், ஸ்பிராக்கெட், டயர், பல்பு, பிளக், கேபிள், கிளட்ச் தட்டு, கருப்பெண்ணெய் எதுவும் கிடையாது. பேட்டரிக்குத் தனிச் சட்டம். தேய்மானப் பொருளாம். இப்ப நீயே சொல்லு, நம்ம மலையில மோட்டாருக்கு என்ன வியாதி வரும்? காலையில பனி, மத்தியானம் மழை, சாயந்திரம் மறுபடியும் மழை. தோட்டத்துப் பாதையில செம்மண் சேறு செயினுக்குள்ள போய் அரைக்கும். உர மூட்டையைப் பின்னால வச்சு ஓட்டினா இரும்பு பொடிப்பொடியா உதிரும். ஹாபு இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா ஷூ காகிதமாத் தேய்ஞ்சிரும். சமவெளிக்காரன் ரெண்டு வருஷம் ஓட்டுற பிரேக்கை நம்மாளு எத்தனை சீக்கிரம் முடிப்பான்னு எந்தப் பட்டறையில வேணும்னாலும் கேளு. நம்ம மோட்டார் சாகுறது எல்லாம் அந்தக் "கிடையாது" பக்கத்துல இருக்கிற வியாதியிலதான்.

அப்புறம் எதுக்கு இருக்கு? பிஸ்டன், கியர்ப்பெட்டி, கிராங்க், எலக்ட்ரானிக் மூளை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுங்க எப்போ கெடும்னு யோசிச்சுப் பாரு. ஃபேக்டரியில தப்பா வார்த்த சாமான்னா முதல் சில மாசத்துலயே பல்லைக் காட்டிடும். அதுக்குக் கம்பெனி வாரண்டியே இருக்கு. நல்லா வார்த்ததுன்னா, எண்ணெய் மாத்தி ஓட்டினா, ஏழெட்டு வருஷம் கழிச்சுத்தான் இருமும். அப்போ உன் காகிதம் எப்பவோ மக்கிப் போயிருக்கும். நடுவுல இருக்கிற திடகாத்திரமான வயசுக்குத்தான் அவங்க காவல் போடுறாங்க. வியாபாரத்துல புத்திசாலித்தனம்னா இதுதான். அந்தக் கடைப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். விக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் அதுக்கும் ரெண்டு காசு கமிஷன் வேணுமில்ல.

இந்தக் காகிதமெல்லாம் இல்லாமலேயே காலந்தள்ளுற கப்சாய், அதான் நம்ம சின்ன மோட்டார், அதோட வரலாறு உனக்குத் தெரியுமா? பினாங்குல பஸ் கழுவி, மெக்கானிக் வேலை பார்த்து மேல வந்தவர் லோ பூன் சியூ. அவர்தான் 1958இல் ஹோண்டாவை இந்த நாட்டுக்குக் கொண்டாந்தார். அதே வருஷம்தான் ஜப்பான்ல சூப்பர் கப் வெளியே வந்துச்சு. 2017க்குள்ள அந்த வம்சத்துல பத்துக் கோடி வண்டி செஞ்சு தள்ளிட்டாங்க. அந்த வம்சத்து ஈ.எக்ஸ்.5 நம்ம லயத்துக்கு லயம் நிக்குது. சைடு கவரைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு, சீட்டுல பிளாஸ்டிக் பை சுத்தியிருக்கு, காலையில ஒரே உதையில கிளம்புது. அதைவிடக் கிழடு வேணும்னா காய்கறித் தோட்டத்துப் பக்கம் போ. அங்கே ஓடுற லேண்ட் ரோவருக்கெல்லாம் உன் அப்பன் வயசு. ஒவ்வொரு போல்ட்டும் வேற வேற வண்டியில இருந்து வந்தது. 1929இல் ரஸ்ஸல் துரை போ தேயிலைத் தோட்டம் தொடங்கினப்போ, இலங்கையில தேயிலை போட்ட மில்ன் துரையைக் கூட்டுச் சேர்த்துக்கிட்டு, ஆள் பலமும் கோவேறு கழுதையும் ஒரே ஒரு ஸ்டீம் ரோலரும் வச்சுத்தான் காட்டைத் திருத்தினாங்களாம். அந்த ரோலருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்தாங்களான்னு தெரிஞ்சா சொல்லு, நானும் எடுத்துக்கிறேன்.

இன்னொரு சமாச்சாரம், இதைச் சொல்றப்போ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. அந்த வாரண்டி உயிரோட இருக்கணும்னா, சொன்ன கிலோமீட்டர்ல, சொன்ன கடையில, சர்வீஸ் புத்தகத்துல முத்திரை குத்தி வாங்கணும். ஒரு சர்வீஸ் தப்பினாலும் காகிதம் செத்துப் போகலாம். நீ போன வண்டிக்கு எப்போ எண்ணெய் மாத்தினே? தீபாவளிக்கா? எந்தத் தீபாவளி? உன் பிராண்டோட சர்வீஸ் கடை மலையில இல்லாம தாப்பாவுலதான் இருக்குதுன்னு வை, போய் வர கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோமீட்டர். அத்தனை வளைவும் இறங்கி ஏறிட்டு வந்தா, சர்வீஸ் பண்ணின பிரேக்குல பாதி வழியிலயே போயிருக்கும். ஒரு நாள் சம்பளம் அது தனி. அதுவும் போகட்டும், உன் எக்ஸாஸ்டை என்ன செய்யப் போறே? நீ தோட்டத்து வழியாப் போனா கத்தரிக்கோல் வைக்காமலேயே கொழுந்து உதிருதுன்னு ஊர்ல பேச்சு. எக்ஸாஸ்ட் மாத்தினா, இஞ்சினைத் தோண்டினா, ரேஸ் ஓட்டினா வாரண்டி செல்லாதுன்னு அதுலயே போட்டிருக்கும். நீ மோட்டாரை மாத்தாம ஓட்டுறதும் நான் தே தாரிக்ல சீனி குறைக்கிறதும் ஒரே நாள்ல நடக்கும்.

சீனின்னதும் ஞாபகம் வருது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை ரொம்ப வருஷம் நடத்தினவர் எஸ்.எம். முகமது இத்ரீஸ். சீனியைக் குறைங்கன்னு நாடெல்லாம் சொல்லிச் சொல்லியே 2019இல் போய்ச் சேர்ந்தார். அவர் சொன்ன பாதி எனக்குக் கசந்துச்சு, மீதிப் பாதியால பிழைச்சேன். வாங்குறவனுக்கும் உரிமை இருக்குன்னு எங்க காலத்து ஆளுங்க காதுல முதல்ல போட்டது அந்த மாதிரி ஆளுங்கதான். உனக்கு ஏற்கெனவே ஒரு வாரண்டி இருக்குது பேராண்டி, ஒரு காசு குடுக்காம. 1999இல் வந்த பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். விக்கிற சாமான் ஏத்துக்கிற தரத்துல இருக்கணும், பாதுகாப்பா இருக்கணும், நீடிச்சு உழைக்கணும். "எங்க கடையில அதெல்லாம் செல்லாது"ன்னு பில்லுல எழுதி அந்தச் சட்டத்தைத் தள்ளி வைக்க முடியாது. கடைக்காரர் கை விரிச்சா திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா, அதாவது பயனீட்டாளர் கோரிக்கை மன்றம் இருக்கு. மனுப் போட அஞ்சு வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம். மூணு வருஷத்துக்குள்ள போகணும். வக்கீல் வச்சுப் பேச விடமாட்டாங்க, அது உனக்குப் பாதி நிம்மதி. ஒண்ணு மட்டும் பாத்துக்க: சொந்த உபயோகத்துக்கு வாங்கினவனுக்குத்தான் அந்தச் சட்டம். மோட்டாரை வியாபாரத்துக்குன்னே எடுத்தா கதை மாறும். முந்நூறு வெள்ளிக் காகிதத்தைப் பத்தி ஒரு மணி நேரம் பேசின பிள்ளை, அஞ்சு வெள்ளிக் காகிதத்தைப் பத்தி வாயே திறக்கலைன்னா எனக்கு ஆச்சரியம் இல்ல. அதுல கமிஷன் கிடையாதே.

வெள்ளைக்காரன் ஊர்லயும் இதே கூத்துதான். டிவி, வாஷிங் மெஷினோட சேர்த்து விக்கிற நீட்டிச்ச வாரண்டியில வாங்குறவனுக்கு நியாயம் கிடைக்குதான்னு இங்கிலாந்துல 2003இல் ஒரு விசாரணை முடிச்சாங்க. 2005இல் உத்தரவு போட்டாங்க: விலையைச் சாமான் பக்கத்துலயே எழுதி வை, வாங்கினவன் நாப்பத்தஞ்சு நாளைக்குள்ள மனசு மாறினா காசைத் திருப்பிக் குடு. யோசிக்க நேரம் குடுத்தா வியாபாரம் படுத்துடும்னு கடைக்காரனுக்குத் தெரியும், அதனாலதான் "இன்னிக்கு மட்டும் இந்த விலை"ங்கிறான்.

உடனே "தாத்தா வாங்கவே வேணாங்கிறாரு"ன்னு உன் அம்மாகிட்ட போய்ச் சொல்லாதே. நான் அப்படிச் சொல்லல. இந்தியாவுல ஹோண்டா 2023இல் பத்து வருஷம் வரைக்கும் நீளுற ஒரு வாரண்டியைக் கொண்டாந்துச்சு. வண்டி வாங்கின அன்னிக்கே எடுக்கணும்னு கட்டாயம் இல்ல, சில வருஷம் ஓட்டிப் பாத்துட்டும் எடுக்கலாம். அந்த மாதிரி கிடைச்சா அது வேற பேச்சு. வண்டி இருமுற வயசு வரைக்கும் கூட வருது, உனக்கும் யோசிக்க நேரம் இருக்கு. அப்புறம் நீ எடுக்கிறது எந்த வண்டிங்கிறதையும் பாக்கணும். சாதா கப்சாய்னா பட்டறைக்காரன் ஒரு ஸ்பானர்ல முடிச்சிருவான். ஏபிஎஸ், சாவியில்லாம ஸ்டார்ட் ஆகுற பெட்டி, கலர் கலரா மீட்டர் எல்லாம் வச்ச பெரிய ஸ்கூட்டர்னா ஒரு எலக்ட்ரானிக் பெட்டி போனாலே உன் முந்நூறு வெள்ளி அதுக்கு முன்னாடி கூசி நிக்கும். அதுக்குக் கம்பெனியே நேரடியாக் குடுக்குற வாரண்டி, விலை குறைச்சல், சர்வீஸ் கடை கிட்டத்துல, நீயும் ஒழுங்கா முத்திரை குத்துவேன்னா, எடு. கடைசி நிபந்தனையில்தான் எனக்கு நம்பிக்கை இல்ல. கம்பெனி இல்லாம நடுவுல வேற யாரோ குடுக்குற காகிதம்னா, அந்த யாரோ மூணு வருஷம் கழிச்சு இருப்பாங்களான்னும் விசாரிச்சுக்க.

அதனால சனிக்கிழமை கடைக்குப் போனதும் சண்டை போடாதே, சிரிச்சுக்கிட்டே கேளு. "தங்கச்சி, இதைக் கம்பெனி வாரண்டி முடியுறதுக்கு ஒரு மாசம் முன்னால வந்து எடுத்துக்கலாமா? வண்டியை வித்தா வாங்குறவன் பேருக்கு மாத்தலாமா? மலையில எந்தக் கடையில முத்திரை குத்தினா செல்லும்? எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு." எழுதிக் குடுத்தா எடுத்துக்க, நான் தடுக்கல. மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன்னு உள்ளே போய்த் திரும்பி வரலைன்னா, அந்த முந்நூறுல ஒரு ஜோடி பிரேக் பேடும் நல்ல செயினும் ஒரு மழைக்கோட்டும் வாங்கு. மீதி எவ்வளவு வந்தாலும் நேரா என்கிட்ட கொண்டா. போன பொங்கலுக்கு "நாளைக்குத் தர்றேன் தாத்தா"ன்னு வாங்கிட்டுப் போன அம்பது வெள்ளிக்கு நான் வட்டி போடல.